பலகையது பண்பும் பலகையது உறுப்பும்

இக்காலத்துக் கலாசாலைகளிற் கணினி நூல் பயிலும் மாணாக்கருட் பலர் கைப்பேசிச் செயலிகளை இயற்றும் தொழிலை விரும்பிக் கற்கின்றனர். கோயம்புத்தூர், ஈரோடு, சத்தியமங்கலம் முதலாய கொங்குநாட்டு ஊர்களிலும் இத்தொழில் பயில்வோர் பலருளர். அவர்கள் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. தாமே புதிதாய் வகுத்த காட்சிப் பகுதியொன்றைத் திரையில் அமைத்துவிடுவர். அது கண்ணுக்கும் நன்கு தோன்றும். ஆயினும் அதன் பண்பொன்றை வெளியிலிருந்து அறியவோ மாற்றவோ புகுங்கால் அது கைக்கு எட்டாது நழுவும். அவ்விடரைக் களையும் நெறியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினி நூல் பயிலாத அன்பர்களும் இதனைப் படித்துச் செல்லலாம். இதன் உட்கருத்து, தமிழிலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையைக் கற்றோர்க்குப் புதியதன்று.

பலகையும் பண்பும்

கைப்பேசித் திரையில் நாம் காணும் எழுத்துப் பெட்டி, பொத்தான், படம் முதலிய ஒவ்வொன்றும் வியூ எனப்படும். ஈண்டு அதனைப் பலகை என்போம். ஆண்டிராய்டும் ஆப்பிளும் இயல்பான பலகைகள் சிலவற்றைத் தாமே ஆக்கித் தந்துள்ளன. அவை போதாதவிடத்துச் செயலி இயற்றுவோர் தமக்கு வேண்டிய வடிவில் புதியதொரு பலகையை வகுத்துக்கொள்வர். கஸ்டம் வியூ என ஆங்கிலத்தில் வழங்கும் அதனைத் தனிப்பலகை என்போம். ஒரு பலகைக்கு உரிய நிறம், அகலம், அது தாங்கும் எண் முதலியன அதன் பண்புகளாம்.

உதாரணமொன்று காட்டுவாம். சத்தியமங்கலம் பூச்சந்தையில் மல்லிகை, முல்லை, காக்கடா, சம்பங்கி, கனகாம்பரம், அரளி முதலிய மலர்கள் நாள்தோறும் ஏலமுறையில் விலைபோகின்றன. முகூர்த்த நாளில் ஏறிய விலை மறுநாள் இறங்குதலும், பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை மிகுதலும் அங்கு வழக்கம். பூவோ இருப்புவைத்து விற்கும் பண்டம் அன்று. காலையிற் பறித்தது மாலைக்குள் வாடும். ஆதலின் அன்றைய விலையை அறிதல் உழவர்க்கு இன்றியமையாதது. தமிழ்நாட்டரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் என்னும் செயலியும் விளைபொருள்களின் சந்தை விலையை அறிவிப்பதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதுபோலப் பூவுக்கெனவே ஒரு சிறு செயலியை நம் மாணாக்கர் இயற்றுவதாகக் கொள்வோம். அதில் ஒவ்வொரு மலரின் பெயரையும், கிலோ ஒன்றுக்கு உள்ள விலையையும், ஏலம் முடிந்த நேரத்தையும் காட்டும் தனிப்பலகை ஒன்றுண்டு. அதற்குப் பூவிலைப்பலகை என்று பெயரிடுவோம். இக்கட்டுரை முழுதும் இப்பலகையே நமக்குச் சான்றாக நிற்கும்.

நிரலில் ‘பலகை’ என்றெழுதி, ஒரு புள்ளியிட்டு, ‘விலை’ என்றெழுதினால் ‘பலகையது விலை’ என்று பொருள்படும். அப்புள்ளி நம் ஆறாம் வேற்றுமையின் ‘அது’ என்னும் உருபு செய்யும் தொழிலையே செய்கின்றது. இவ்வொற்றுமையை மனத்திற் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

எட்டுதற்கு வேண்டுவன மூன்று

தனிப்பலகையின் பண்பு கைக்கு எட்டவேண்டுமாயின் மூன்று பொருந்தல்வேண்டும். அவை உரிய பெயர், உரிய பொருள், உரிய காலம் என்பன.

முதலாவது, உரிய பெயர். பூ என்பது பொதுப்பெயர். மல்லிகை என்பது சிறப்புப்பெயர். பூ என்று மட்டும் அறிந்தவனிடம் மல்லிகைக்கே உரிய மணத்தைப் பற்றி வினவினால் அவன் விடைகூற இயலாது. அதுபோல, வியூ என்னும் பொதுவகுப்பு அகலம், உயரம், பின்னணி நிறம் முதலிய பொதுப்பண்புகளையே அறியும். விலை என்னும் பண்பு பூவிலைப்பலகை என்னும் சிறப்பு வகுப்புக்கே உரியது. ஆகவே நிரலில் ஒரு மாறியைப் பொதுவகுப்பின் பெயரால் அறிவித்துவிட்டு அதனிடம் விலையைக் கேட்டால், அப்படியொரு பண்பு இல்லையென்று நிரல்பெயர்ப்பி மறுத்துவிடும். பலகை உள்ளே பூவிலைப்பலகையாகவே இருப்பினும் அதனை அப்பெயரால் அழைத்தாலன்றி அப்பண்பு வெளிப்படாது. ஆப்பிள் முறையில் மற்றுமொன்று கருதத்தக்கது. திரை வரையும் கருவியில் அப்பகுதிக்குரிய வகுப்பின் பெயரைக் குறிக்க மறந்தால், அங்கே உண்டாவது வெறும் பொதுப்பலகையே. நிரலில் சிறப்புப்பெயர் இருந்தும் பொருளில் அச்சிறப்பு இன்மையின், விலையை நாடுங்கால் செயலி இடறி நின்றுவிடும்.

இரண்டாவது, உரிய பொருள். வகுப்பு என்பது அச்சு. அவ்வச்சில் வார்த்த ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள். திரையிலுள்ள பலகையின் விலையை மாற்ற எண்ணிய மாணாக்கன், நிரலிற் பூவிலைப்பலகை ஒன்றைப் புதிதாய் ஆக்கி, அதன் விலையை 850 என்று அமைத்துவிட்டு, திரை மாறவில்லையே என்று திகைப்பதுண்டு. அவன் மாற்றியது திரைக்கு வராத வேறொரு பலகையை. நிரலில் பிழையும் தோன்றாது; செயலும் நிகழாது; ஆதலின் இப்பிழையைக் கண்டறிதல் அரிது. திரையில் ஏற்கெனவே நிற்கும் பொருளை அதன் அடையாளத்தால் தேடிப் பெறுதலே முறை. ஆண்டிராய்டில் ஒரே அடையாளத்தை மூன்று பலகைகளுக்கு இட்டுவிட்டால், தேடும் செயல் முதலில் அகப்பட்டதையே தரும் என்பதும் நினைவில் இருத்தற்பாலது. அப்போது சம்பங்கிக்கென்று அனுப்பிய விலை மல்லிகையின் தலையில் ஏறும்.

மூன்றாவது, உரிய காலம். திரையின் அமைப்பு ஏற்றப்படுமுன் பலகை பிறவாதது. பிறவாததன் பண்பை வினவினால் விடை வெறுமையே. ஆண்டிராய்டில் திரையமைப்பை நிறுவும் கட்டளைக்கு முன்பே பலகையைத் தேடுதலும், ஆப்பிள் முறையில் அடுத்த திரை ஏறுமுன்பே அதனுள்ளிருக்கும் பலகைக்கு விலை கொடுத்தலும் இவ்வகைப் பிழைகளாம். பிந்தியதற்கு மாற்று எளிது. அடுத்த திரையின் ஆட்சியாளனிடம் விலையை ஒப்படைத்தால் போதும். தன் பலகை பிறந்தபின் அதனிடம் சேர்ப்பது அவன் பொறுப்பு. பலகை பிறந்த பின்னரும் அகலமும் உயரமும் உடனே அறியப்படா. ஆண்டிராய்டில் இடம் வகுக்கும் வேலை முடியுமளவும் அவை சுழியமாகவே இருக்கும்.

பண்பா, உறுப்பா?

நிற்க. இனி இக்கட்டுரையின் முதன்மையான பொருளுக்கு வருவோம். ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை நம் இலக்கண நூலார் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பகுத்தனர். தன்னிற் பிரியாத தொடர்பு தற்கிழமை. தன்னின் வேறாய பொருளோடு உள்ள தொடர்பு பிறிதின்கிழமை. தற்கிழமையிலும் பண்பு வேறு, உறுப்பு வேறு. மல்லிகையது வெண்மை என்பது பண்பு. மல்லிகையது இதழ் என்பது உறுப்பு. உழவனது மல்லிகை என்பது பிறிதின்கிழமை. இப்பாகுபாட்டைச் செயலி இயற்றுவோர் தம் தொழிலிற் கைக்கொள்ளுதல் மிகப் பயனுடைத்து.

பூவிலைப்பலகையின் உள்ளே எழுத்துப் பெட்டிகள் மூன்று உண்டெனக் கொள்வோம். அவை அதன் உறுப்புகள். விலை என்பது அதன் பண்பு. வெளியிலுள்ள நிரல் ‘பலகையது விலை’ என்று பண்பை நாடலாம். அன்றிப் ‘பலகையது இரண்டாம் பெட்டியது எழுத்து’ என்று உறுப்பைத் துழாவலாம். இரண்டும் இன்று ஒரே பயனைத் தருவனபோலத் தோன்றும். ஆயினும் முன்னதே தக்கது. பின்னது கேடு பயப்பது. அதற்குக் காரணம் இரண்டு கூறுவாம்.

ஒன்று, உறுப்பு மாறும், பண்பு நிலைக்கும். இன்று மூன்று பெட்டிகளால் ஆன பலகையை நாளை ஒருவர் பெட்டிகளை நீக்கி எழுத்துகளை நேரே தீட்டும்படி மாற்றலாம். பண்பை நாடிய நிரல்களுக்கு அதனால் யாதும் இடரில்லை. உறுப்பைத் துழாவிய நிரல்களோ பத்துத் திரைகளில் இருப்பின் பத்தும் ஒருங்கே பழுதுபடும். மாறக்கூடியதை உள்ளே மறைத்து மாறாததை வெளியே காட்டுக என்னும் இக்கோட்பாட்டை டேவிட் பார்னஸ் என்பார் 1972-இல் எழுதிய கட்டுரையொன்றில் தெளிவுற நிறுவினார். தரவையும் அதன் மேற்செயலையும் ஒரே வகுப்பில் அடக்கும் முறை அதற்கு முன்பே நார்வே நாட்டில் டாலும் நைகார்டும் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியில் தோன்றிவிட்டது.

மற்றொன்று, உறுப்பில் உள்ளது காட்சிக்குரிய வடிவமேயன்றிப் பொருள் அன்று. பெட்டியில் ‘ரூ. 1,050’ என்று எழுதியிருக்கும். அவ்வெழுத்தைப் பிடுங்கி எண்ணாக்கிக் கணக்கிட முயல்வோன், ரூபாய்க் குறிக்குப் பின்னுள்ள புள்ளியிலோ, ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியிலோ தடுக்கி விழுவான். காற்புள்ளியோடு வாசிப்பை நிறுத்தும் முறையில் 1,050 என்பது 1 ஆகிவிடும். இருபது கிலோ மல்லிகைக்கு உழவர் பெறவேண்டியது 21,000 ரூபாய்; அச்செயலி காட்டுவதோ 20 ரூபாய். இத்துணைப் பெரும் பிழை உடனே கண்ணுக்குப் படும். அதனினும் சிறியது ஒருவர் கண்ணுக்கும் படாமல் கணக்கிற் கலந்துவிடும்.

ஆட்டுப்பட்டிக்குப் படலொன்று உண்டு. படலைத் திறந்து வருவோனே மேய்ப்பன். வேலியைப் பிரித்து நுழைவோனை எவரும் அப்பெயரால் அழையார். தனிப்பலகைக்கும் அஃதே நெறி. உறுப்புகளை ‘பிரைவேட்’ என்று மறைத்து, பண்புகளை மட்டும் வெளிவாயிலாக வைத்தல் பலகையை வகுப்போன் கடன். அவ்வாயில் வழியே செல்லுதல் பயன்கொள்வோன் கடன்.

வாயிலின் கடமை

வாயிலை வைத்தல் மட்டும் போதாது. அங்கே காவலும் வேண்டும். பண்பை மாற்றும் செயலைச் செட்டர் என்பர். ஸ்விஃப்ட், கோட்லின் ஆகிய இருமொழிகளிலும் ஒரு பண்பின் மதிப்பு மாறுங்கால் நிகழவேண்டியதை அப்பண்போடேயே எழுதிவைக்கலாம். அங்குச் செய்யத்தக்கன நான்கு.

வந்த மதிப்புத் தகுதியுடையதா என்று ஆராய்தல் முதலாவது. விலை சுழியத்தினும் குறைவாக வருமாயின் அதனை ஏற்றல் கூடாது. பழைய மதிப்பே மீண்டும் வந்ததாயின் வீண்வேலை செய்யாது விடுதல் இரண்டாவது. மீண்டும் தீட்டும்படி வேண்டுதல் மூன்றாவது. இதற்கு ஆண்டிராய்டில் இன்வாலிடேட் என்றும், ஆப்பிள் முறையில் செட் நீட்ஸ் டிஸ்பிளே என்றும் கட்டளைகள் உள. இவை அந்நொடியே தீட்டுவன அல்ல. ‘இப்பலகை பழையதாயிற்று’ என்று குறிப்பு வைப்பனவே. அடுத்த முறை திரை புதுப்பிக்கப்படுங்கால் எல்லா மாற்றமும் ஒருங்கே தீட்டப்படும். இக்கட்டளையை மறந்தால் பண்பு மாறியும் காட்சி மாறாது. உள்ளே 1,050, வெளியே 850 என்னும் பொய்ந்நிலை உண்டாகும். நான்காவது, அளவு மாறுமாயின் இடத்தையும் மீண்டும் வகுக்கும்படி வேண்டுதல். 850 என்பது மூன்றிலக்கம். 1,050 என்பது நான்கிலக்கமும் ஒரு காற்புள்ளியும். தீட்டும் கட்டளை மட்டும் இட்டு இடம் வகுக்கும் கட்டளையை விட்டால் கடைசி இலக்கம் வெட்டுண்டு 105 போலத் தோன்றவும் கூடும்.

விலையையும் நேரத்தையும் தனித்தனியே மாற்ற விடுதலினும், இரண்டையும் ஒரே செயலால் ஒருங்கே பெற்றுக்கொள்ளுதல் நன்று. இன்றேல், இடையே ஏதேனும் தடைப்பட்டால், நேற்றைய விலை இன்றைய நேரத்தோடு நிற்கும். நேரம் இல்லாத விலை ஐயத்தைத் தரும். தவறான நேரம் கொண்ட விலையோ நம்பிக்கையைத் தந்து ஏமாற்றும்.

மேலும், விலை வலைவழியே பின்னணி இழையொன்றில் வந்து சேரும். அவ்விழையிலிருந்தே பலகையைத் தொடுதல் முறையன்று. திரைக்கெனத் தலைமை இழையொன்று உண்டு. பலகைகளின் பண்பை மாற்றும் உரிமை அதற்கே உரியது. வந்த செய்தியைத் தலைமை இழையினிடம் சேர்ப்பித்து அதன் வாயிலாகவே மாற்றுதல் வேண்டும்.

திரையமைப்புக் கோப்பிலேயே பண்புகளைக் குறிக்க விரும்புவோர்க்கும் வழியுண்டு. ஆண்டிராய்டில் தனிப்பலகைக்குரிய பண்புகளை ஒரு கோப்பில் முன்னரே அறிவித்து, பலகை ஆக்கப்படுங்கால் அவற்றை வாசித்து, வாசித்தபின் அவ்வேட்டைத் திருப்பித் தந்துவிடல் வேண்டும். அமைப்புக் கோப்பிலிருந்து பலகையை ஆக்குதற்குரிய ஆக்கியை எழுதாதுவிடின் திரை ஏறும்போதே செயலி நின்றுவிடும். ஆப்பிள் முறையில் ஐபி இன்ஸ்பெக்டபிள் என்னும் அடைமொழி இதற்கு நிகரானது.

வரிசையிற் பல பலகைகள்

மலர்கள் பலவாயின் பலகைகளும் பலவாம். அவற்றை வரிசையாகக் காட்டும் கருவிகள் சிக்கனம் கருதி ஒரு தந்திரம் செய்கின்றன. விரலால் தள்ளுங்கால் மேலே மறைந்த பலகையையே கீழே புதிய வரிக்குப் பயன்படுத்துகின்றன. ஆண்டிராய்டின் ரிசைக்ளர் வியூ தன் பெயரிலேயே இவ்வியல்பைக் காட்டுகின்றது. ஆதலின் ஒரு பலகை இப்போது மல்லிகையினது, சற்றுநேரத்தில் அரளியினது. முன்னைய வரிக்கு இட்ட பண்பு ஒவ்வொன்றையும் புதிய வரிக்கு மீண்டும் இடாதுவிடின் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். விலை வராத மலருக்கு ‘விலை இல்லை’ என்று வெளிப்படையாக இடுதல் வேண்டும். வாளாவிட்டால் மல்லிகையின் விலை அரளியின் பெயருக்குக் கீழே நிற்கும். வெகு தொலைவிலிருந்து பூமூட்டையை அனுப்பும் ஒருவர் அதனை நம்பி முடிவெடுப்பாராயின், அன்றைய பறிப்புக்கூலியும் அவர் கையை விட்டுப் போகும்.

இவ்வியல்பிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். திரையில் இல்லாத வரிக்குப் பலகையே இல்லை. அதனிடம் விலையைக் கேட்டால் வெறுமையே கிடைக்கும். ஆதலின் விலையை அறிய வேண்டுவோன் பலகையைக் கேளாது, விலைப்பட்டியலையே கேட்டல்வேண்டும். ஏனெனில் விலை உண்மையிற் சந்தையினது. பலகைக்கு அது பிறிதின்கிழமை. பலகை அதனைத் தாங்கி நிற்பதேயன்றி அதற்கு உரிமையுடையதன்று. தரவையும் காட்சியையும் இவ்வாறு வேறுபிரித்தலை 1979-இல் டிரிக்வே ரீன்ஸ்காக் என்பார் சிராக்சு நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோதே வகுத்துக் காட்டினார்.

காணாதார்க்கும் பண்பு எட்டுதல்

பண்பை நாடுவோர் நிரல் எழுதுவோர் மட்டுமல்லர். கண்பார்வையற்றோரும் கைப்பேசி பயன்படுத்துகின்றனர். திரையிலுள்ளதைப் பேசிக்காட்டும் வாய்ஸ் ஓவர் என்னும் கருவி ஐபோனுக்கு 2009-இல் வந்தது. ஆண்டிராய்டில் டாக்பேக் என்பது அத்தொழிலைச் செய்கின்றது. இவை இயல்பான எழுத்துப் பெட்டிகளைத் தாமே படித்துவிடும். நாமே கோடும் எழுத்தும் தீட்டிய தனிப்பலகையோ அவற்றுக்கு வெறுஞ்சுவராகத் தோன்றும். பலகை என்ன கூறுகின்றது என்பதை நாமே விளக்கப் பண்பாக அமைத்தாலன்றி அவை மௌனமாய்க் கடந்து செல்லும்.

ஆகவே விலை மாறும் அதே வாயிலில், ‘மல்லிகை, கிலோ ஒன்றுக்கு 1,050 ரூபாய்’ என்னும் விளக்கத்தையும் புதுப்பித்தல் வேண்டும். காட்சி புதிதாகியும் விளக்கம் பழையதாய் நிற்குமாயின், காண்போர்க்கு ஒரு விலை, காணாதார்க்கு மற்றொரு விலை என்றாகும். விலையேற்றத்தைப் பச்சை நிறத்தாலும் இறக்கத்தைச் சிவப்பு நிறத்தாலும் மட்டும் காட்டுதலும் போதாது. நிறம் பிரித்தறியாதாரும் நம்மிடையே உளர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நம் நாட்டில் இயற்றப்பட்டது. எனினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும் அன்பினாற் செய்வதே நம் கலாசாலை மரபுக்கு ஏற்றது.

புதுநெறி

அண்மையில் இத்துறையிற் புதுநெறி ஒன்று தோன்றியுள்ளது. ஆப்பிள் 2019-இல் ஸ்விஃப்ட் யூஐ என்பதை அறிவித்தது. கூகிளின் ஜெட்பேக் கம்போஸ் 2021-இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. இவற்றில் பலகையைத் தேடிப்பிடித்து அதன் பண்பை மாற்றும் பழக்கமே இல்லை. விலை எங்கோ ஓரிடத்தில் நிலையாகக் காக்கப்படும்; அது மாறியவுடன் அதனைக் காட்டும் பகுதி தானே புதிதாய் எழுதப்படும். பலகை தனக்கென விலையொன்றையும் வைத்துக்கொள்வதில்லை, கொடுத்ததைக் காட்டும், அவ்வளவே. மேலே யாம் பிறிதின்கிழமை என்று கூறியதையே இந்நெறி தன் அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் பழைய நெறியில் எழுதிய செயலிகள் எண்ணிறந்தன. அவற்றைப் பேணும் பணி நெடுங்காலம் இருக்கும். பழைய நெறியில் பண்பையும் உறுப்பையும் பகுத்தறிந்தவனுக்குப் புதுநெறி எளிதிற் கைவரும்; அறியாதவன் புதுநெறியிலும் பழைய குழப்பத்தையே புகுத்துவான்.

தொகுத்துக் கூறுவாம். தனிப்பலகையை அதன் சிறப்புப்பெயரால் அழைக்க. திரையிலுள்ள அப்பொருளையே பற்றுக. அது பிறந்தபின் நாடுக. உறுப்பைத் துழாவாது பண்பை வினவுக. பண்பு மாறும் வாயிலிலேயே காட்சியும் இடமும் விளக்கமும் புதுப்பிக்கப்பெறுக. விலைக்கு உரியது பட்டியலே என்பதை மறவற்க.

இவை சிறு விதிகளே. ஆயினும் ஒரு செயலியைத் திறந்து பார்ப்போர் அதன் நிரலை அறியார். திரையில் நின்ற எண்ணை மட்டுமே அறிவர். அவ்வெண்ணை நம்பி ஒருவர் தம் பூவைச் சத்தியமங்கலத்திற்கு அனுப்புவதோ கோயம்புத்தூருக்கு அனுப்புவதோ என்று முடிவு செய்வார். அவர் நம்பிக்கைக்கு உள்ளும் புறமும் ஒத்த பலகையைத் தருதல், அதனை இயற்றும் நம் மாணாக்கர் ஒவ்வொருவர் மேலும் நிற்கும் கடன்.